“காஸ் முடிஞ்சிருச்சு” என்றால் என்ன அர்த்தம்? கார் ஏசி குளிராமல் போகும் கதை

ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்குகிறவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. வீட்டிலிருந்து புறப்படும்போது உடம்பில் ஸ்வெட்டர். கினிகத்தேனை தாண்டும்வரை கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும். கித்துல்கலையில் புழுக்கம் தொடங்கும். யட்டியாந்தோட்டை வரும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அப்போதுதான் யாராவது ஏசி பொத்தானை அழுத்துவார்கள், பல மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாக. காற்று வரும். குளிர் வராது.

என் மாமாவின் டொல்பின் வேனில் மூன்று ஏப்ரல் மாதங்கள் இதே கூத்து நடந்தது. மூன்று தடவையும் கராஜில் ஒரே பதில்: “காஸ் முடிஞ்சிருச்சுண்ணே, ஏத்திட்டா சரியாகிடும்.” மூன்று தடவையும் ஏற்றினார். “பெற்றோல் மாதிரி இதுவும் ஓட ஓடக் கொறையுது போல” என்று தனக்குத்தானே ஒரு முடிவுக்கும் வந்துவிட்டார். மாமா மட்டுமல்ல, எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஏன் சரியல்ல என்பது விளங்கிவிட்டால், ஏசியில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது என்பதும் கூடவே விளங்கிவிடும்.

## வாளியும் வெள்ளமும்

அடை மழையில் லயத்து வாசலுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்கிறோம்? வாளியால் அள்ளி வெளியே ஊற்றுகிறோம். அள்ள அள்ள உள்ளே தரை தெரிகிறது. “காய்ந்த தரை” என்று ஒன்றை நாம் தயாரிக்கவில்லை. தண்ணீரை இடம் மாற்றினோம், அவ்வளவுதான்.

ஏசி செய்வதும் அதே வேலைதான். அது குளிரைத் தயாரிப்பதில்லை. காருக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டுபோய் வெளியே கொட்டுகிறது. வெப்பத்தை அள்ளுகிற வாளிதான் நாம் காஸ் என்று சொல்வது. நூறு தடவை அள்ளினாலும் வாளி குறைந்துபோவதில்லை. ஓட்டை விழுந்தால்தான் பிரச்சினை.

வெப்பத்தை எப்படி அள்ளுவது என்று கேட்டால், விடை நம் தோலிலேயே இருக்கிறது. பீலியில் குளித்துவிட்டுத் துவட்டாமல் காற்றில் நின்று பாருங்கள். ஊசி போடுவதற்கு முன் தாதி கையில் ஸ்பிரிட் தடவும்போது சில்லென்று இருந்ததை நினைத்துப் பாருங்கள். திரவம் ஆவியாகும்போது அதற்கு வெப்பம் தேவைப்படுகிறது. பக்கத்தில் இருப்பதிடமிருந்து, அதாவது நம் தோலிடமிருந்து, அதைப் பறித்துக்கொள்கிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு மறைவெப்பம் என்று பெயர். ஆவி மறுபடியும் திரவமாகும்போது, பறித்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும்.

ஆக, காருக்குள்ளே ஒரு திரவத்தை ஆவியாக்க வேண்டும், காருக்கு வெளியே அந்த ஆவியைத் திரவமாக்க வேண்டும். இதைச் சுற்றிச் சுற்றிச் செய்துகொண்டே இருந்தால் உள்ளே குளிரும். சிக்கல் என்னவென்றால், உள்ளே குளிர்ந்த இடத்தில் அது கொதிக்க வேண்டும், வெளியே வெயிலில் அது திரவமாக வேண்டும். தலைகீழாக அல்லவா இருக்கிறது?

## நுவரெலியாவில் பருப்பு வேகாத இரகசியம்

தலைகீழைச் சரியாக்குவது அழுத்தம். மலையகத்தில் சமைக்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயமே. கொழும்பில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் குறைவு என்பதால் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் வேகாது. அதே தண்ணீரை பிரஷர் குக்கரில் அடைத்தால் அழுத்தம் கூடி, 120 பாகையை நெருங்கும்வரை கொதிக்காது. அழுத்தத்தைக் குறைத்தால் குறைந்த சூட்டில் கொதிக்கும், கூட்டினால் அதிகச் சூட்டில்தான் கொதிக்கும்.

இப்போது தண்ணீரை விட்டுவிட்டு, கார் ஏசியில் பரவலாக இருக்கும் ஆர்-134ஏ என்ற காஸை எடுத்துக்கொள்வோம். திறந்த வெளியில் அது மைனஸ் 26 பாகையிலேயே கொதித்துவிடும். வளிமண்டல அழுத்தத்தின் மூன்று மடங்கில் வைத்தால் 0 பாகையில் கொதிக்கும். பதின்மூன்று மடங்கில் வைத்தால் 50 பாகை சூட்டிலும் திரவமாகவே நிற்கும். காருக்குள் குறைந்த அழுத்தம், காருக்கு முன்னால் அதிக அழுத்தம் என்று பிரித்துவிட்டால் வேலை முடிந்தது. வெயிலில் 35 பாகை காற்று பட்டாலே, 50 பாகை சூட்டில் இருக்கும் ஆவிக்கு அது “குளிர்ந்த காற்று”. அது திரவமாகிவிடும்.

பெயரே நம்மைக் குழப்புகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். காஸ் என்கிறோம், ஆனால் சுற்றில் பாதித் தூரத்தை அது திரவமாகத்தான் கடக்கிறது.

## நான்கு நிறுத்தங்கள்

இஞ்சின் பெல்ட்டில் சுழலும் பம்ப் கொம்பிரசர். ஆவியை உறிஞ்சி நெருக்குவது அதன் வேலை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுவதுபோல், நெருக்கப்பட்ட ஆவியும் சூடாகும். அந்தச் சூடான ஆவி, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் சல்லடை போன்ற கொண்டென்சருக்குப் போய், காற்றிடம் வெப்பத்தைக் கொட்டிவிட்டுத் திரவமாகிறது. பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வு என்ற மிகச் சிறிய துவாரம். அதைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று விழும். கடைசியாக டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் கூலிங் கொயில். திரவம் அங்கே கொதித்து, அதன்மேல் வீசும் காற்றின் வெப்பத்தைப் பறிக்கிறது. பறித்துக்கொண்டு கொம்பிரசருக்குத் திரும்புகிறது.

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னால்: கொயிலில் வெப்பத்தை அள்ளி, கொண்டென்சரில் கொட்டி, திரும்பி வருகிறது காஸ். எரிவதில்லை, தேய்வதில்லை, மூடிய குழாயைவிட்டு வெளியே போவதுமில்லை. போயிருந்தால் அது கசிவு.

## அப்படியானால் எங்கே போனது?

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய காரில் இறப்பர் குழாய்களின் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் காஸ் ஊறி வெளியேறுவது இயல்புதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போன வருடம் ஏற்றியது இந்த வருடம் இல்லை என்றால் அது ஊறல் அல்ல, ஓட்டை.

ஓட்டை பெரும்பாலும் குழாய்கள் பொருந்தும் இடங்களில், உள்ளே இருக்கும் இறப்பர் வளையம் காய்ந்து வெடித்து உண்டாவது. கொம்பிரசரின் சுழல் தண்டைச் சுற்றியுள்ள சீல் அடுத்த இடம். வண்டியின் முகத்திலேயே நிற்கும் கொண்டென்சர், முன்னால் போகும் லொறி தெறிக்கவிடும் கல்லை நேராக வாங்குகிறது. தோட்டத்துப் பாதைகளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காஸோடு சேர்ந்து ஒயிலும் சுற்றி வருவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரியும். பொனட்டைத் திறந்து ஏசி குழாய்களின் பொருத்துகளைப் பாருங்கள். மற்ற இடங்கள் காய்ந்திருக்க, ஒரு பொருத்து மட்டும் கறுப்பாகப் பிசுபிசுத்தால் சந்தேகத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

மலையகத்து வாகனங்களுக்கு இதில் ஒரு தனிச் சாபம் உண்டு. சீல்களை ஈரமாக வைத்திருப்பது அந்த ஒயில்தான். ஏசியைப் போட்டால்தான் ஒயில் சுற்றும். “நமக்கெதுக்கு ஏசி, இயற்கையே ஏசிதானே” என்று எட்டு மாதம் தொடாமல் வைத்திருந்தால் சீல் காயும், காய்ந்த சீல் கசியும். வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம் ஏசியை ஓடவிடுவது இதற்கு நல்ல மருந்து. குளிருமே என்று பயம் வேண்டாம். சூட்டுக் குமிழை வெப்பப் பக்கம் திருப்பிவிட்டுப் போடலாம், கொம்பிரசர் அப்போதும் சுழலும்.

பனிமூட்டத்தில் இது இரட்டை இலாபம். இறம்பொடையிலோ நானுஓயாவிலோ முன்கண்ணாடியின் உட்பக்கம் மங்கும்போது துணியால் துடைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. கூலிங் கொயிலில் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படிந்து வடிந்துவிடுவதால், ஏசி வழியாக வரும் காற்று உலர்ந்த காற்று. ஏசியையும் சூட்டையும் சேர்த்துப் போட்டுக் கண்ணாடிக்குத் திருப்பினால் சீக்கிரம் தெளிந்துவிடும். நிறுத்திய காரின் அடியில் சொட்டும் தெளிந்த தண்ணீர் அந்த ஈரம்தான். அதைக் கசிவு என்று பயந்து கராஜுக்கு ஓட வேண்டாம்.

## மீற்றர் முள் சொல்லும் பாதி உண்மை

இந்தப் பகுதிக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

வீட்டுச் சமையல் காஸ் சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். புது சிலிண்டரிலும், கால்வாசி இருக்கும் சிலிண்டரிலும் அடுப்பு ஒரே மாதிரித்தான் எரிகிறது. ஏனென்றால் உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கும்வரை அழுத்தம் மாறாது. அழுத்தத்தைத் தீர்மானிப்பது திரவத்தின் அளவு அல்ல, சூடு. எவ்வளவு மீதி இருக்கிறது என்று அறிய நம் அம்மாக்கள் என்ன செய்வார்கள்? தூக்கிப் பார்ப்பார்கள். நிறைதான் உண்மையைச் சொல்லும்.

கார் ஏசிக்கும் இதே விதி. இஞ்சினை நிறுத்தி, வண்டி நன்றாக ஆறிய பின் அழுத்தம் பார்க்கும் மீற்றரை மாட்டினால், 30 பாகை வெயிலில் ஆர்-134ஏ ஏறக்குறைய 95 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) காட்டும். நுவரெலியாவின் 15 பாகை காலையில் அதே வண்டி, அதே அளவு காஸ், 55 முதல் 60 வரைதான் காட்டும். காஸ் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. இஞ்சின் ஓடும்போது எடுக்கும் அளவும் அப்படியே. வெளிக்காற்று குளிராக இருந்தால் கொண்டென்சர் சுலபமாக வெப்பத்தைக் கொட்டிவிடும், அழுத்தம் தாழ்வாகவே நிற்கும்.

கொழும்பில் வேலை பழகிய ஒருவர் கொழும்புக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மலையில் மீற்றரைப் பார்த்தால், நல்ல வண்டியிலும் காஸ் குறைவு என்றுதான் சொல்வார். முள் மேலேறும்வரை ஏற்றுவார். மாமாவின் வேனுக்கு மூன்றாம் தடவை நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். விடியற்காலைக் குளிரில் ஏற்றினார்கள். ஹட்டனில் ஐஸ் மாதிரிக் காற்று வந்தது. அவிசாவளை வாகன நெரிசலில் ஏசி விட்டு விட்டு வேலை செய்யத் தொடங்கியது. குளிர் வரும், இரண்டு நிமிடத்தில் வெறும் காற்றாகும், பிறகு வரும். காஸ் அளவுக்கு மிஞ்சியிருந்தால் திரவம் கொண்டென்சருக்குள் தேங்கி, ஆவி திரவமாக இடமில்லாமல் அழுத்தம் எகிறும். எகிறினால் ஆபத்து என்று பாதுகாப்பு சுவிட்ச் கொம்பிரசரை நிறுத்திவிடும். மாமா என்ன செய்திருப்பார்? “இன்னும் கொஞ்சம் ஏத்தணும் போல” என்றார். நல்ல வேளை, ஏற்றவில்லை.

சரியான முறை நிறை பார்த்து ஏற்றுவது. பொனட்டின் உட்பக்கம் அல்லது ரேடியேட்டருக்கு மேலே சிறிய ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். காஸின் வகையும் எத்தனை கிராம் என்பதும் அதில் இருக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் அரைக் கிலோகூட இராது. அவ்வளவு சிறிய கணக்கில் நூறு கிராம் கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் தெரியும். இருப்பதை இயந்திரத்தால் முழுதாக வெளியே எடுத்து, கசிவைத் திருத்தி, தராசில் வைத்து ஏற்ற வேண்டும்.

இடையில் வெக்கியூம் பம்ப் வைத்துக் குழாயைக் காலியாக்கும் வேலை ஒன்று உண்டு. சிலர் ஐந்து நிமிடத்தில் கழற்றிவிடுவார்கள். அது போதாது. உள்ளே புகுந்த ஈரத்தை வெளியேற்றத்தான் அந்தப் பம்ப். பருப்புக் கதைதான் மறுபடியும்: அழுத்தத்தை ஏறக்குறைய இல்லாமலாக்கினால் தண்ணீர் அறை வெப்பநிலையிலேயே கொதித்து ஆவியாகிப் போய்விடும். அரை மணி நேரமாவது ஓட வேண்டும், மலைக் குளிரில் இன்னும் கூட. பம்பை நிறுத்திய பிறகு முள் அசையாமல் நிற்கிறதா என்று காத்திருந்து பார்த்தால் பெரிய கசிவு அங்கேயே தெரிந்துவிடும்.

சுருக்கமாக: முள்ளின் கணக்கு வானிலையோடு மாறும், கிராம் கணக்கு மாறாது.

## கராஜுக்குப் போகுமுன் காதும் கையும்

எல்லாவற்றுக்கும் காஸ் காரணமல்ல. முதலில் சூட்டுக் குமிழ் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். நுவரெலியாவில் ஹீட்டர் போட்டவர் அதைத் திருப்ப மறந்து, வெல்லவாயவில் வியர்த்துக்கொண்டு “ஏசி போச்சு” என்று சொன்னதை நேரில் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, காற்றின் வேகம். காற்றே மெலிதாக வருகிறது என்றால் கோளாறு குளிரில் அல்ல, காற்றின் பாதையில். பெரும்பாலான கார்களில் இடப்பக்கப் பெட்டிக்குப் பின்னால் ஏசி ஃபில்டர் இருக்கும். கழற்றினால் தூசியும் சருகும் சேர்ந்த ஒரு மெத்தை கையில் வரும். புறப்பட்டு அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்று மெலிந்து, ஏசியை அணைத்து வைத்தால் மறுபடி சரியாகிறது என்றால் கூலிங் கொயிலில் ஐஸ் கட்டியிருக்கிறது.

காற்று பலமாக வருகிறது, ஆனால் சூடாக இருக்கிறது என்றால் பொனட்டைத் திறந்து வைத்து, கையையும் சேலைத் தலைப்பையும் சால்வையையும் பெல்ட்டிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு, ஒருவரை ஏசி பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். பழைய வண்டிகளில் “டிக்” என்று ஒரு சத்தத்தோடு கொம்பிரசரின் முன்தட்டு சுழலத் தொடங்கும். அந்தத் தட்டுதான் கிளட்ச். சத்தமே இல்லை, தட்டும் சுழலவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே பக்கம் பார்க்க வேண்டும், அல்லது காஸ் உண்மையிலேயே தீர்ந்து, பாதுகாப்பு சுவிட்ச் தடுத்திருக்கலாம். புதிய கார்கள் சிலவற்றில் கிளட்ச் இல்லாத கொம்பிரசர் இருப்பதால் அங்கே இந்தச் சோதனை பயன்படாது.

ஓடும்போது குளிர்கிறது, நெரிசலில் நின்றால் குளிரவில்லை என்றால் எனக்கு முதல் சந்தேகம் முன் ஃபேன் மேல்தான். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று போதும், நின்ற வண்டிக்கு ஃபேன்தான் கதி. ஃபேன் சுழல்கிறது என்றால் கொண்டென்சரில் அப்பியிருக்கும் சேற்றையும் பூச்சிகளையும் பாருங்கள். மெதுவான தண்ணீரில் கழுவலாம். சேர்விஸ் ஸ்டேஷனில் பிரஷர் துப்பாக்கியைக் கிட்டக் கொண்டுபோய் அடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து, இருந்த வழியும் அடைபட்டுவிடும்.

கடுகண்ணாவை ஏற்றத்தில் முழு வேகத்தில் மிதிக்கும்போது மட்டும் குளிர் கொஞ்சம் குறைந்து, சமதரையில் திரும்புகிறதா? பல கார்களில் இஞ்சினுக்குச் சக்தி தேவைப்படும்போது கொம்பிரசரைச் சற்று நேரம் நிறுத்திவைப்பார்கள். அது கோளாறல்ல. ஆனால் கூடவே இஞ்சின் சூட்டு முள்ளும் ஏறுகிறது என்றால் ஏசியை மறந்துவிட்டு வண்டியை ஓரங்கட்டுங்கள்.

## தொடக்கூடாதவை

ஏசி குழாயின் எந்த நட்டையும் வீட்டில் கழற்றாதீர்கள். சீறி வரும் திரவம் மைனஸ் 26 பாகையில் கொதிப்பது என்பதை நினைவில் வையுங்கள். தோலை உறைய வைத்துவிடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. திறந்துவிடுவது ஊருக்கும் கேடு: ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை, ஆனால் ஒரு கிலோ வெளியேறினால் புவியைச் சூடாக்குவதில் அது ஏறக்குறைய 1,400 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். அதற்கு முன் கார்களில் இருந்த ஆர்-12, ஓசோனைக் கெடுத்ததால் 1987ஆம் ஆண்டு மொன்ட்ரியல் உடன்படிக்கையைத் தொடர்ந்து ஒதுக்கப்பட்டது. புதிய கார்களில் ஆர்-1234வைஎஃப் என்ற இன்னொன்று வருகிறது. ஒன்றோடொன்று கலக்கக்கூடாது.

சமையல் காஸை ஏற்றிக் குளிர வைக்கலாம் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். குளிரும் என்பது உண்மை. டாஷ்போர்டுக்குள் கசிந்தால் ஒரு தீப்பொறி போதும் என்பதும் உண்மை. ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் மருந்து டப்பாக்களையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், வால்வின் சின்னத் துவாரத்தையும் சேர்த்து அடைத்துவிடக்கூடியவை.

பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவற்றின் கொம்பிரசர் பெல்ட்டில் அல்ல, உயர் மின்னழுத்தத்தில் சுழல்கிறது. செம்மஞ்சள் வயர் தெரிந்தால் கை வைக்காதீர்கள். அந்தக் கொம்பிரசருக்கு மின்சாரம் கடத்தாத தனி ஒயில் வேண்டும். சாதாரண ஏசி ஒயிலை ஊற்றினால் கொம்பிரசரையே மாற்ற வேண்டிவரும். எந்த ஒயில் போடப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்டால் கோபிக்கும் கராஜில் வண்டியை விடாதீர்கள்.

## மாமாவின் வேன்

கடைசியில் கண்டியில் ஒருவர், குழாய்க்குள் நைதரசன் காற்றை நிரப்பிப் பொருத்துகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். கொண்டென்சருக்குப் போகும் குழாயின் பொருத்தில் மெல்ல மெல்ல ஒரு குமிழி ஊதிக்கொண்டு வந்தது. இறப்பர் வளையம் ஒன்று. மாற்றி, வெக்கியூம் வைத்து, ஸ்டிக்கரில் இருந்த கிராம் அளவைத் தராசில் பார்த்து ஏற்றினார். பில்லின் பின்பக்கத்தில் ஏற்றிய திகதியையும் கிராம் கணக்கையும் எழுதித் தரும்படி மாமா கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். அடுத்த தடவை யாராவது “காஸ் கொறஞ்சிருச்சு” என்றால், முதலில் உள்ளே இருப்பதை எடுத்து நிறுக்கச் சொல்லி அந்தத் துண்டை நீட்டுவாராம்.